அனுப்புநர் நான், பெறுநர் நான்

எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு குழுக்கள் இருந்தன. படிக்கிற பிள்ளைகள் சொந்தமாகத் தொழில் தொடங்கக் கைகொடுப்பது ஒன்றின் வேலை. காது கேளாதவர், பார்வை இல்லாதவர், பேச்சு திக்குகிறவர், மெதுவாக எழுதுகிறவர் என்று யாரும் வகுப்பறையில் விடுபட்டுப் போகாமல் பார்ப்பது இன்னொன்றின் வேலை. இரண்டுக்கும் செயலாளர் நான்தான்.

திறமை பார்த்துக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் குழுவுக்கு ஆள் தேடிய கூட்டத்தில் நான் தேநீர் எடுக்க எழுந்து போயிருந்தேன். கோப்பையோடு திரும்பியபோது செயலாளராகியிருந்தேன். இரண்டாவது குழு வந்தபோது, ஏற்கனவே ஒரு குழுவைப் பார்க்கிறவர், அனுபவம் இருக்கும் என்று அதையும் தலையில் கட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்திருக்கவே இல்லை. அப்படியும் தப்பவில்லை.

நான் பொருளாதாரம் கற்பிக்கிறவன். வாழ்க்கையில் செய்த ஒரே வியாபாரம் பழைய சைக்கிளை விற்றது. வாங்கினவர் தெருமுனை தாண்டுவதற்குள் செயின் கழன்றது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்துபோய் அவரை ஏற்றிவிட்டு வந்தேன். இப்படிப்பட்டவனிடம்தான் தொழில் தொடங்க வழி கேட்டுப் பிள்ளைகள் வந்தார்கள்.

இரண்டாவது குழுவுக்காக இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு வழிகாட்டி எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தாதே, பேசத் தடுமாறுகிறவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்காதே, வாய்மொழித் தேர்வில் அவர்களுக்கு இரட்டை நேரம் கொடு என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். ஒருவர் மேசையில் அது தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்தது. மேசையில் கறை படியவில்லை என்ற அளவில் அது பயன்பட்டது.

அந்தப் பெண் என் அறைக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டு, அதுவே கடைசி ஆண்டு, கருவியியல் துறை. வளாகத்தில் எல்லோரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆய்வகங்களில் கெட்டுப்போனது என்று ஒதுக்கிவைத்த மின்தராசுகளையும் நுண்ணோக்கிகளையும் எடுத்துப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பாள். வேதியியல் துறையில் மூன்று வருடமாக மூலையில் கிடந்த தராசை அவள் இருபது நிமிடத்தில் ஓடவைத்தாள் என்று பேச்சு. அதில் பழுதே இல்லையாம். மேலே மின்விசிறி சுற்றுகிறது, அந்தக் காற்றில் எண் நிலைகொள்ளாமல் ஆடுகிறது, தராசை இரண்டடி தள்ளி வையுங்கள் என்றாளாம். மூன்று முனைவர்கள் அந்த அறையில் இருந்தார்கள்.

வாசலில் நின்று, "சார், எனக்கு..." என்று தொடங்கினாள். அங்கேயே நின்றுவிட்டது. உதடு மூடியிருக்கிறது, கழுத்து நரம்பு இழுபடுகிறது, கண் என்மேல் இருக்கிறது. வார்த்தை மட்டும் வரவில்லை.

நான் உதவ நினைத்தேன். "லீவு வேணுமா?" என்றேன். தலையாட்டினாள், இல்லை என்று. "சான்றிதழா?" இல்லை. "ஹாஸ்டல்ல ஏதாவது பிரச்சினையா?" அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அடுத்த யூகத்துக்குத் தயாரானபோது, வார்த்தையைப் பிடுங்காதே என்று எழுதிய பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த அரை நிமிடம் எனக்கு நீளமாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

"பத்து நிமிஷம் வேணும், சார்," என்றாள்.

உட்காரச் சொன்னேன். மெதுவாக விஷயம் வெளியே வந்தது. வருடாவருடம் தொழில்முனைவுக் குழு ஒரு போட்டி நடத்தும். மேடையேறி, தன் தொழில் திட்டத்தை ஐந்து நிமிடத்தில் நடுவர்களிடம் சொல்ல வேண்டும். ஜெயிக்கிறவருக்கு நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை, படிப்பு முடிந்தாலும் இரண்டு வருடத்துக்கு. முன்பு நகலெடுக்கும் இயந்திரம் இருந்த அறை. நீளமான மேசை, சுவரோரம் ஆறு பிளக் பாயிண்டுகள், பூட்டக்கூடிய கதவு. அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது போதும். விடுதியில் மின்கம்பிகளைப் பற்றவைக்கும் கருவியைச் சூடாக்கக் கூடாது என்று விடுதிக் காப்பாளர் ஒருமுறை பிடுங்கிவைத்துக்கொண்டார். துணி தேய்க்கும் அறையில், மற்றவர்கள் சட்டை தேய்த்து முடித்த பிறகு அந்த மேசையில்தான் வேலை செய்கிறாள். ஒரு நாள் யாரோ ஒருத்தியின் துப்பட்டாவில் நுண்ணோக்கித் திருகுக்குப் போடும் கிரீஸ் ஒட்டிவிட்டது. அன்றோடு அந்த மேசையும் போகும் நிலை. பக்கத்து ஊர்ப் பள்ளிகள் நான்கு, தங்கள் ஆய்வகக் கருவிகளைக் கொடுக்கத் தயாராக இருக்கின்றன. வாங்கி வைக்க இடம் இல்லை.

அந்த அறை கிடைத்தால் தொழில். இல்லாவிட்டால் படிப்பு முடிந்ததும் எங்காவது ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை. அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. எனக்கு உடனே தோன்றும் யோசனைகள் எப்படிப்பட்டவை என்பதற்குச் சைக்கிள் சாட்சி. அவளோடு விடுதி அறையில் இருக்கும் தோழிக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர், காரணத்தோடு வைத்த பெயர். அந்தப் பெண்ணை மேடையில் பேசவிட்டு, நீ பக்கத்தில் நின்று தராசைப் பிரித்துக் காட்டேன் என்றேன்.

"வேலை என்னோடது, சார். நானே சொல்றேன்," என்றாள். இதில் எங்கும் தடங்கல் இல்லை. "நேரம் மட்டும் குடுங்க."

நான் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுந்து நின்று வேறு கொடுத்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இரட்டை நேரம் என்பது அனைவருக்குமான கற்பித்தல் குழுவின் விதி. போட்டி தொழில்முனைவுக் குழுவுடையது. ஆகவே இரண்டாம் குழுவின் செயலாளர் முதல் குழுவின் செயலாளருக்கு முறைப்படி கடிதம் எழுத வேண்டும். எழுதினேன். 'ஐயா' என்று என்னை நானே விளித்து, 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று எழுதி, 'தங்கள் உண்மையுள்ள' என்று கையெழுத்திட்டேன். நல்ல கடிதம். குமாஸ்தா அம்மா அதைப் பதிவேட்டில் ஏற்றும்போது தலைதூக்கிப் பார்த்தார்.

"அனுப்பினதும் நீங்க, வாங்கறதும் நீங்க. கையெழுத்து எந்தப் பக்கம் போடறீங்க, சார்?"

இரண்டு பக்கமும் போட்டேன். அவர் அதற்கு ஓர் எண் கொடுத்து, முத்திரை குத்தி, என் மேசையின் இடப்பக்கத் தட்டில் வைத்தார். வலப்பக்கத் தட்டிலிருந்து புறப்பட்ட கடிதம் ஒன்றரை அடி பயணம் செய்து இடப்பக்கத் தட்டை அடைய இரண்டு நாளாயிற்று.

அது வந்து சேர்ந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பார்த்தேன். என் கையெழுத்து தெரிந்தது. 'ஓ, இதுவா, இது தெரிஞ்ச விஷயம்தானே' என்று அதை அப்படியே கீழே வைத்தேன். எழுதியபோதே வேலை முடிந்துவிட்டது என்று எனக்குள் ஒருவன் நிம்மதியாகிவிட்டான். பெற்றுக்கொண்டவன் செய்ய வேண்டியது அப்போதுதான் தொடங்குகிறது என்பது இரண்டு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. யாரோ ஒரு வேற்று மனிதர் எழுதியிருந்தால் எரிச்சலோடாவது குழுவின் முன் வைத்திருப்பேன்.

போட்டி அன்று அரங்கம் நிறைந்திருந்தது. தலைமை நடுவர் எங்கள் டீன். கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. தாமதமாக வந்தால் தன்மேலேயே கோபப்படுகிறவர். எனக்கு நேரம் பார்க்கும் வேலை. முன்வரிசை ஓரத்தில் ஒரு மேசை, அதில் ஒரு அழைப்பு மணி, கடிகாரம்.

நான்காவதாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் தராசை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடையேறினாள். நான் பட்டியலைப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே ஐந்து என்று இருந்தது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்ததும் நானே.

குனிந்தபடியே ஓடிப்போய் டீனின் காதில் சொன்னேன். அவர் முதலில் கேட்டது: கடிதம் ஏதும் கமிட்டிக்கு வந்ததா? எனக்கு வந்தது என்றேன். கமிட்டி முன்னால் வைத்தீரா? இல்லை. "அப்ப இப்ப எப்படி மாத்தறது? மத்த ஏழு பேர் என்னைக் கேக்க மாட்டாங்களா?" என்றார். அதற்குள் பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது என்று இன்றைக்கு என்னால் எளிதாகச் சொல்ல முடிகிறது.

அவள் பத்து நிமிடத்துக்குத் தயாரித்திருந்தாள். முதல் இரண்டு நிமிடத்தில் தன் பெயரும் துறையும் சொல்லி முடித்தாள். பிறகு தராசின் மேல்தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறிய உலோகத் துண்டைக் காட்டி, எடை ஏறும்போது அது தலைமுடி அளவுக்குக் கூட வளையாது, ஆனால் வளைவது மின்சாரத்துக்குத் தெரியும் என்றாள். அரங்கம் அமைதியாகக் கேட்டது. ஒவ்வொரு தடங்கலிலும் அவள் அவசரப்படவில்லை. நேரம் இருக்கிறது என்று நம்பினாள். நான் சொல்லியிருந்தேன் அல்லவா. கடிகாரம் என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிகள், செலவு, வருமானம், அறை எதற்கு, எதையும் அவள் இன்னும் தொடவே இல்லை.

ஐந்து நிமிடம் முடிந்தது. நான் மணியை அழுத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தப்பாக அடித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறாள், அந்தப் பார்வையில் அது தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை அங்கேயே விட்டாள். கழற்றிய தட்டைத் தராசின்மேல் சரியாகப் பொருத்தி, நகர்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, எடுத்துக்கொண்டு இறங்கினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று வேறு யாருக்கும் அவ்வளவு நேரம் தட்டவில்லை. நடுவர்களும் தட்டினார்கள், தட்டிவிட்டு உட்கார்ந்து, எட்டுப் பேரில் அவளுக்கே மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டார்கள். அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் பாவம், சிரமப்படுவாள் என்று நினைத்திருப்பார்கள்.

விடுதிகளில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு முன்பதிவு செய்யும் செயலி உருவாக்கிய இரண்டு பையன்கள் ஜெயித்தார்கள்.

மறுநாள் காலை அவள் வந்தாள். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தாள். கடிதம் கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

"குடுத்தேன்மா."

"யார்கிட்ட, சார்?"

தப்பிக்க நினைத்தால் நிறைய வழி இருந்தது. குழுவிடம் என்றிருக்கலாம், அலுவலகத்தில் என்றிருக்கலாம். இரண்டுமே ஒருவகையில் உண்மை. இடப்பக்கத் தட்டு அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

"என்கிட்ட," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் லேசாகச் சிரிக்க முயன்று பாதியில் நிறுத்தினேன். என் வாழ்நாளில் நான் சொன்ன எத்தனையோ நகைச்சுவைகள் எடுபடவில்லை. எடுபட்டிருக்கவே கூடாது என்று நான் நினைத்தது இது ஒன்றுதான். மன்னித்துக்கொள் என்றேன். அடுத்த வருடம் நானே முன்னால் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த வருடம் அவள் இங்கே இருக்க மாட்டாள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வேண்டுமானால் இந்த அறையிலேயே ஒரு மேசை போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். அதற்கு அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். இங்கே ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் என் தேநீர்க் கெட்டில்.

"அதெல்லாம் வேணாம், சார்," என்றாள். அடுத்த வார்த்தை நெடுநேரம் வரவில்லை. நான் யூகிக்கவில்லை. "நடந்ததை எழுதிக் குடுங்க. டீனுக்கு."

எழுதினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தேதியும் எண்ணும் போட்ட ஒரு கடிதத்தைச் செயலாளர் மறைத்தாரா மறந்தாரா என்று கேள்வி வரும். இணைப் பேராசிரியர் பதவிக்கான என் கோப்பு அப்போது டீனின் மேசையில்தான் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நாளை தருகிறேன் என்றேன்.

மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி, மனைவியிடம் காட்டினேன். அவள் வங்கியில் கடன் பிரிவில் இருபது வருடமாக மனுக்கள் படிக்கிறவள். என் கடிதத்தில், நிர்வாகக் காரணங்களால் குறிப்பிட்ட கோரிக்கை உரிய நேரத்தில் குழுவின் முன் வைக்கப்படாமல் போயிற்று என்று இருந்தது. படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"என்ன தேடறே?"

"ஆளைத் தேடறேன். இதுல யாரையுமே காணோமே. தானாவே நடந்து, தானாவே போயிடுச்சா?"

பதவி உயர்வைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கும் அது தெரிந்ததுதான். சமையலறைக் கூரை ஒழுகுவதை அந்தச் சம்பள உயர்வில் சரிசெய்யலாம் என்று போன வாரம் பேசியிருந்தோம். அவள் தட்டுகளை அடுக்கினாள்.

"உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டீங்க. நீங்களே பதில் போடல. இதுல நான் என்ன யோசனை சொல்றது?" என்றாள். பிறகு, "கூரைக்குக் கீழே இன்னொரு வாளி வெச்சுக்கலாம். எழுதுங்க," என்றாள்.

மூன்றாவது தாளில் ஒழுங்காக வந்தது. 'இந்தக் கடிதத்தை நான் எழுதினேன். நானே பெற்றுக்கொண்டேன். பார்த்தேன். குழுவின் முன் வைக்கவில்லை. தவறு என்னுடையது. மாணவிக்கு உரிய நேரம் இதனால் கிடைக்கவில்லை.' ஆறு வாக்கியம். என் இருபத்திரண்டு பக்கத்தைவிட அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

டீன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் கொடுத்து மறுபடி கேட்கிறோம், அதே நடுவர்கள், அதே மதிப்பெண் தாள், அதுவரை அறைச் சாவி தன்னிடம் இருக்கட்டும் என்றார். நீங்கள் தொழில்முனைவுக் குழுவில் இனி இருக்க வேண்டாம் என்றும் சொன்னார். என் கோப்பைப் பற்றி அவர் பேசவில்லை. அது அவர் மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்திருந்தது, அடுத்த வருடக் கோப்புகளின் மேல்.

சாவியைத் திருப்பி வாங்கும் வேலை எனக்கு வந்தது. அந்த இரண்டு பையன்களும் அதற்குள் அறையைக் கூட்டித் துடைத்து, கதவில் தங்கள் செயலியின் பெயரை ஒட்டியிருந்தார்கள். "நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்றான் ஒருவன். ஒன்றும் இல்லை என்றேன்.

அவளை மறுபடி கேட்டது ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, கூட்ட அறையில். பார்வையாளர்கள் கிடையாது. அவளோடு அவள் அம்மா வந்திருந்தார். பள்ளிச் சீருடைகள் தைக்கிறவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வாசலில் என்னைக் கண்டதும், நீங்கள்தான் அந்த சாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், துணி எவ்வளவு பிடிக்கும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுகிறவர் மாதிரி. அம்மா உள்ளே வரலாம் என்று டீன் அனுமதித்தார். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார், சாட்சிக்கு.

அவள் ஒன்பதரை நிமிடம் பேசினாள். சில இடங்களில் வார்த்தை வரவில்லை, காத்திருந்தாள், அவர்களும் காத்திருந்தார்கள். நான்கு பள்ளிகளின் கடிதங்களை மேசைமேல் வைத்தாள். ஒரு நுண்ணோக்கியின் வில்லையில் பூஞ்சை படர்ந்த படத்தையும் துடைத்த பிறகான படத்தையும் காட்டினாள். புதிது வாங்க ஆகும் செலவில் எட்டில் ஒரு பங்குக்குள் முடியும் என்றாள். பேசி முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. டீன் பேனாவின் மூடியைத் திறந்தார்.

பிறகு அரைமணி நேரம் கேள்விகள். கருவி கைதவறி உடைந்தால் யார் பொறுப்பு, படிப்பு முடிந்த பிறகு யார் பார்ப்பது, நீ நோய்ப்பட்டால் என்ன. விட்டுவிட்டுத்தான் பதில் வந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் டீன் கேட்டார்: நீ சரிசெய்த தராசு சரியான எடை காட்டுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? இயற்பியல் துறையின் எடைக்கற்களை வைத்துச் சோதிக்கிறேன் என்றாள். அந்த எடைக்கற்கள் சரியானவை என்று யார் சொன்னது, அவற்றின் சான்றிதழ் எப்போது காலாவதியானது என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, முந்தின நாள் இயற்பியல் துறைக்கே போய்ப் பார்த்திருக்கிறார். காலாவதியாகி ஆறு வருடம். அப்படியானால் உன் தராசுகள் எல்லாம் சரி என்று நீ சொல்வது நம்பிக்கைதானே தவிர அளவு இல்லையே என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த பெண்ணிடம் இப்படியா என்று. அவளைப் பார்த்தேன். முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, அந்தக் கேள்வியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"தெரியல, சார். பார்க்கணும்," என்றாள்.

மதிப்பெண் ஒரு மணிக்கு வந்தது. பையன்களுக்கு எழுபத்து நாலு. அவளுக்கு எழுபத்து ஒன்று. எட்டாவது இடத்திலிருந்து இரண்டாவது இடம். அறை ஒன்றுதான். சாவியைப் பையன்களிடமே கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்தார்கள்.

நான் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படிக்கட்டில் நின்றேன். உண்மையைச் சொன்னால், நான் வேறு மாதிரி கற்பனை செய்திருந்தேன். கடிதம் எழுதினேன், பதவி உயர்வு போயிற்று, ஆகவே அவள் ஜெயிப்பாள், அவள் அம்மா என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டுவார். என் தியாகத்துக்கு ஏற்றபடி நடுவர்கள் மதிப்பெண் போட வேண்டும் என்று உள்ளூர எதிர்பார்த்திருக்கிறேன். சைக்கிள் வாங்கினவர்கூட என்னைவிடக் குறைவாகத்தான் எதிர்பார்த்தார். அவளுக்குச் சொல்ல இரண்டு ஆறுதல் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு மேலே போனேன்.

தாழ்வாரத்தில் டீனை அவள் மறித்து நின்றுகொண்டிருந்தாள்.

மதிப்பெண் தாள் அவள் கையில் இருந்தது. நம்பகத்தன்மைக்கு இருபதுக்கு எட்டு போட்டிருக்கிறீர்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது, கோபத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் திக்கியது. 'சான்றிதழ்' என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லத் தெரியவில்லை, நான் கடிகாரம் பார்க்கவில்லை. டீன் பொறுத்திருந்து கேட்டுவிட்டு, எட்டு போட்டதே அதிகம் என்றார். அவள் விடவில்லை. எடைக்கல்லுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டியது பல்கலைக்கழகம், அதற்கு என் மதிப்பெண்ணை எப்படிக் குறைப்பீர்கள் என்றாள். நாளைக்குப் பள்ளிக்காரர் உன்னைக் கேட்பாரா பல்கலைக்கழகத்தைக் கேட்பாரா என்றார் அவர். குரல் உயர்ந்திருந்தது. துறைத் தலைவர்களிடம் பேசும் குரல் அது. மாணவர்களிடம் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப நானே ஒரு செட் வாங்கிச் சான்றிதழ் எடுத்தா எத்தனை போடுவீங்க?"

"எடுத்துட்டு வா, பேசுவோம்."

"இல்ல. இப்பச் சொல்லுங்க."

அவருக்கு ஒன்றேகாலுக்கு வேறு கூட்டம் இருந்தது. உதவியாளர் ஒருவர் வந்து தள்ளி நின்றார். டீன் அவரைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, சுவரில் தாளை வைத்து, எந்தெந்த இடத்தில் எதற்குக் குறைத்தேன் என்று பேனாவால் குறிக்க ஆரம்பித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் மறுத்துச் சொன்னாள். அறையைப் பற்றி இருவருமே பேசவில்லை. அது போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அம்மா சன்னலோரம் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். இனி எங்கே வேலை செய்வாள் என்று கேட்டேன். வீட்டில் தையல் மேசையில் பாதியை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன், வாரக் கடைசியில் வந்து செய்வாள், நூலும் ஆணியும் ஒன்றாகக் கிடக்கும், வேறென்ன என்றார். நான் தயார் செய்து வைத்திருந்த ஆறுதலைச் சொல்ல ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க போகாதீங்க, சார். சண்டை போடட்டும். யாரும் அவகூட இப்படிச் சரிக்குச் சரி சண்டை போட்டதில்ல."

திரும்பி மகளைப் பார்த்தார். அங்கே மூன்றாவது வரிக்கு வந்திருந்தார்கள், இன்னும் ஐந்து வரி இருந்தது.

"நேரமாகும்போல இருக்கே," என்றார்.

நான் கூட்ட அறைக்குள் போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து சன்னலோரம் போட்டேன்.